சுவருக்குள் போன வயர்

சூசைமாணிக்கம் என்ற பெயரைப் பெனிஷா முதன்முதலில் கேட்டது கல்யாணமான நாலாம் நாள், கையில் பலகாரத் தட்டோடு தெருவில் நின்றபோது.

பெரியகுளத்திலிருந்து மார்க்கையன்கோட்டைக்கு வாழ வந்தவள் அவள். புதுமருமகள் தன் வீட்டுச் சீர்ப்பலகாரத்தைத் தெருவில் ஒரு வீடு விடாமல் தன் கையாலேயே கொடுத்து வர வேண்டும், அது அந்தத் தெருவின் வழக்கம். முறுக்கும் அதிரசமுமாகக் கொடுத்துக்கொண்டே வந்தவள், மாமனார் வீட்டுச் சுவரை ஒட்டி, பின்சந்துப் பக்கம் வாசல் வைத்திருந்த வீட்டுக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். எதிர்வீட்டுக்காரி சத்தம் போட்டாள்.

"ஏத்தா புதுப்பொண்ணு! அங்கன எங்க போற? அது சூசைமாணிக்கம் வீடு. ஒன் மாமனாரு பாத்தாகன்னா தட்டோட தூக்கி வீசிருவாக."

"யாரு அவுக?"

"ஒனக்குச் சின்ன மாமனாரு. அதனாலதான் போகக் கூடாதுங்கேன்."

பெனிஷா திரும்பிப் பார்த்தாள். சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றிருந்தார். மாமனார் இஞ்ஞாசிமுத்துவின் அதே நெற்றி, அதே காது. ஆள் மட்டும் ஒரு சுற்று மெலிவு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். கோபப்படவில்லை. போய்விட்டு வா என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மாமனாரின் அப்பா சந்தியாகுவுக்குப் பிள்ளைகள் மூன்று. மூத்தவர் இஞ்ஞாசிமுத்து, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர், பெனிஷாவின் மாமனார். அடுத்தவர் சூசைமாணிக்கம். கடைக்குட்டி ரெஜினா. பெனிஷா வாழ வருவதற்கு வெகுகாலம் முன்னால் சூசைமாணிக்கம் ஜீப் ஓட்டினார். விடியற்காலையில் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலையேறி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். நல்ல குரல். கோயிலில் பாடினால் பூசை முடிந்தும் ஆட்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ரெஜினாவுக்கு ஒரு நாளாவது மலை மேலே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பெரியண்ணன் வேண்டாம் என்றார். சின்னண்ணன் மனது கேட்காமல் ஒரு நாள் சொல்லாமல் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாவது வளைவில் ஜீப் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குக் கை கால் முறிவோடு போயிற்று. ரெஜினா மட்டும் திரும்பவில்லை.

அடக்கத்துக்குத் தூக்கும் முன்னால் இஞ்ஞாசிமுத்து சவப்பெட்டி மேல் கையை வைத்தார்.

"இனி ஒன் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேச மாட்டேன். என் வீட்டு ஆளு ஒன் வாசல் மிதிக்காது. இந்தப் பெட்டி மேல சத்தியம்."

சும்மா சொன்ன சத்தியம் என்றால் ஆறு மாதத்தில் ஆறிப்போகும். பெட்டி மேல் கை வைத்துச் சொன்னதை யார் மீறுவது? முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே கொத்தனார் வந்து, ஒரே நீள வீடாக இருந்ததை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினார். ஜீப் சாவியை வைத்த சூசைமாணிக்கம் பிறகு அதைத் தொடவில்லை. பாட்டையும் விட்டார். பெண் கொடுக்க வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் தார் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். வருடம் ஒரு முறை வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வருவார். நாலு நாள் கதவு திறக்கவில்லையென்றால், வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறார் என்று தெரு நினைத்துக்கொள்ளும். இப்படியே பத்தொன்பது வருடம் ஓடியது.

இந்தப் பக்கம் இஞ்ஞாசிமுத்துவுக்கு ஒரே ஆசை, பாட்டுப் பெட்டி. மகன் ஜஸ்டின் சம்பாதிக்க ஆரம்பித்ததும் தேனியில் ஒரு கறுப்பு ரிசீவர் வாங்கிக் கொடுத்தான். ஹாலில் மூலைக்கு மேலே ஏற்கெனவே இருந்த பழைய ஸ்பீக்கர் பாக்ஸ்களோடு அதைப் பெரியவர் தானே பொருத்தினார். பின்னால் இருந்த வயர் ஒன்றையும் யாரையும் தொடவிடவில்லை. சத்தமும் கூட்ட மாட்டார், நம்பர் பன்னிரண்டைத் தாண்டினால் திட்டு விழும். சாயங்காலம் பாட்டு முடிந்ததும் செட்டை அணைத்துவிட்டு, இடப் பக்கத்துப் பாக்ஸ் அடியில் நாற்காலியைப் போட்டு, தலையைச் சாய்த்து அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். உதடு அசையும்.

"பாட்டு முடிஞ்சு போச்சே மாமா, இன்னும் என்ன?" என்று பெனிஷா ஒருமுறை கேட்டாள்.

"செபம் சொல்றேன் ஆத்தா," என்றார்.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். சூசைமாணிக்கம் கோயில் எதிரே புளியமரத்தடியில் நின்று பெட்டி போவதைப் பார்த்தார். கிட்டே வரவில்லை.

அதற்கப்புறம்தான் செட் கோளாறு ஆரம்பித்தது. ஜஸ்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு மினுக்கும், செட் செத்துப்போகும். பிளக்கை மாற்றினான். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தான். தேனியிலிருந்து மெக்கானிக் சுருளியாண்டியை வரவழைத்தான். அவர் மூடியைக் கழற்றி, ஒரு காய்ந்த பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு, செட்டைக் கடைக்குத் தூக்கிப் போனார். நாலு நாள் கடையில் காது கிழியப் பாடியது. வீட்டில் கொண்டுவந்து வைத்தால் மறுபடியும் 'டக்'.

"கடையில கழுத மாதிரி கத்துச்சு தம்பி. ஒங்க வீட்டப் பாத்தாத்தான் அதுக்கு ஆகல," என்றார் சுருளியாண்டி.

இது ஜஸ்டினுக்குத் தெரிந்த கோளாறு. பெனிஷாவுக்குத் தெரிந்தது வேறு.

அவள் ஹாலில் உட்கார்ந்துதான் ஜாக்கெட் தைப்பாள். மத்தியானம் மூன்று மணி வாக்கில், மிஷினை நிறுத்தி ஊசியில் நூல் கோக்கிற நேரம், தெருவில் ஒரு வண்டியும் போகாத நேரம், இடப் பக்கத்துப் பாக்ஸிலிருந்து யாரோ மூச்சு விடுவதுபோலக் கேட்கும். பிறகு முணுமுணுப்பு. செட் அணைந்து கிடக்கும். முதலில் பக்கத்து டீவி என்று நினைத்தாள். ஒரு நாள் செருமல் கேட்டது. அந்தச் செருமலை அவள் எட்டு வருடம் மாமனாருக்குக் காபி கொடுத்தபோதெல்லாம் கேட்டிருக்கிறாள். கையிலிருந்த துணி விழுந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜஸ்டினிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "எஃப்எம் புடிக்குது. பழைய செட்டு அப்படித்தான்."

"பிளக்கு புடுங்கித்தாங்க கெடந்துச்சு."

அவன் சிரிப்பை நிறுத்தினான். மறுவாரமே புது ரிசீவர் வாங்கி வந்தான். அப்பா செருகியிருந்தபடியே வயர்களைப் புதுசில் செருகினான். முடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னான்:

"பழச ஊரை விட்டே அனுப்பியாச்சு. இதுலயும் கேட்டேன்னு ஒனக்குத் தோணுச்சுன்னா, செட்டுல இல்ல கோளாறு. கொஞ்ச நாளு பெரியகுளத்துல ஒங்கம்மாகிட்ட இருந்துட்டு வா. ஊரு ஒரு மாதிரியாப் பேசுது."

அன்று மூன்று மணிக்கே கேட்டது. புதுப்பெட்டியின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரித்து முடியவில்லை. பெனிஷா வாய் திறக்கவில்லை. சொன்னால் பைத்தியம் என்று பெட்டி கட்டி அனுப்புவார்கள். சொல்லாமல் இருந்தால் அந்த ஹாலில் நாளெல்லாம் அதனோடு தனியாக உட்கார வேண்டும்.

வியாழக்கிழமை குரல் மாறியது. மூன்று மணி என்ற கணக்கே இல்லை. காலையில் கேட்டது, மத்தியானம் கேட்டது, விளக்கு வைக்கும்போதும் கேட்டது. முணுமுணுப்பு இல்லை, இழுத்து இழுத்து முனகல். அதில் ஒரு சொல் மட்டும் தெரிந்தது.

"தண்ணி."

அவள் அடுப்படிக்கு ஓடினாள். அங்கே மாமியார் ஆரோக்கியம்மாள் ஏற்கெனவே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு.

"ஒனக்கும் கேக்குதா?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"அத்தே... ஒங்களுக்கும் கேக்குமா? இத்தன நாளா என்னப் பைத்தியக்காரியாக்கிட்டு?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து தவிக்கிறாக. கூடப் பொறந்தவன்கூடப் பேசாமச் செத்தாகள்ல, அந்தப் பாவம். தண்ணி கேக்குறாக."

அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் வாக்கப்பட்டவர்களுக்கும் அதுதான் தோன்றும். செத்தும் மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஆத்துமாவுக்குத் தாகம் என்று மறைக்கல்வியில் படித்து வந்தவர்கள். ஆரோக்கியம்மாள் கோயிலுக்குப் போய் மூன்று பூசைக்குச் சொல்லி வைத்தாள். ஒரு வெண்கல டம்ளரில் தண்ணீர் மோந்து, பாக்ஸுக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தபோது தண்ணீர் ஒரு விரல் கடை குறைந்திருந்தது. வெயில் காலம், குறையத்தான் செய்யும் என்று பெனிஷா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆரோக்கியம்மாள் டம்ளரை மறுபடியும் நிரப்பினாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் குரல் இருந்தது. சாயங்காலத்துக்குள் தேய்ந்து தேய்ந்து, மணலில் செருப்பு இழுபடுவதுபோல ஆனது. விஷயம் ஜஸ்டின் காதுக்கும் போயிற்று. அவன் அம்மாவைத் திட்ட முடியாமல் பெண்டாட்டியைத் திட்டினான்.

"எங்கம்மாவையும் கெடுத்து வச்சிருக்க. நாளைக்குச் சாயங்கால பஸ்ஸுல கெளம்பு."

அதோடு புது ரிசீவரும் அன்றே அவனை ஏமாற்றியது. பன்னிரண்டைத் தாண்டிப் பதினெட்டுக்குத் திருப்பினான். 'டக்'. சிவப்பு விளக்கு. அவன் செட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சுருளியாண்டிக்குப் போன் போட்டான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு சுருளியாண்டி வந்து இறங்கியபோது ஊரில் கரண்டு இல்லை. மாதத்தில் ஒரு நாள் லைன் வேலைக்கு நிறுத்துவார்களே, அது.

"நல்ல நாளாப் பாத்துக் கூப்புட்டீக," என்றார். "சரி, மீட்டருக்கு ஒங்க கரண்டு வேண்டாம். செட்டு ரெண்டும் புத்தி கெட்டதா இருக்காது. வயரைப் பாப்போம்."

"அப்பா வயரத் தொட விடமாட்டாக," என்றான் ஜஸ்டின், அப்பா பக்கத்து அறையில் இருப்பதுபோல.

"இப்ப நானுல்ல தொடுறேன்."

மின்விசிறி ஓடவில்லை. பிரிட்ஜ் ஓடவில்லை. பெனிஷாவின் பெட்டி துணியோடு கதவுப் பக்கம் தயாராக இருந்தது. வீடு முழுக்க அத்தனை அமைதி, சுருளியாண்டி திருகாணி கழற்றுவது நாலு பேருக்கும் கேட்டது. வலது பக்கத்து வயரைப் பிடித்து மீட்டர் வைத்தார். தலையாட்டினார். இடது பக்கம் வைத்தார். மறுபடியும் வைத்தார். மீட்டரைக் கையில் தட்டிவிட்டு மூன்றாம் முறை வைத்தார்.

"தம்பி, ஒரு பாக்ஸ்னா எட்டு ஓம் காட்டணும். வலது எட்டு. இது நாலு காட்டுது."

"அப்படின்னா?"

"நாலுன்னா ஒரே வயருல ரெண்டு பாக்ஸ். சத்தம் கூட்டுனா லோடு தாங்காமப் படுத்துருது. செட்டு மேல ஒரு தப்பும் இல்ல." அவர் அண்ணாந்து மூலையைப் பார்த்தார். "இங்கன ஒண்ணுதான் இருக்கு. இன்னொரு பாக்ஸ் எங்க?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்போது மேலேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூச்சு. அப்புறம் ஒரு சின்ன முனகல். சுருளியாண்டியின் கை வயரோடு அப்படியே நின்றது. வயர் செட்டிலிருந்து கழன்று அவர் விரலிடுக்கில் இருந்தது, ஒன்றோடும் ஒட்டாமல்.

அவர் பையைத் துழாவி ஒரு இயர்போனை எடுத்தார். அதன் பின்னை வயரின் செம்பு முனைகளில் தொட்டுப் பிடித்து, மறுமுனையைக் காதில் வைத்தார். முகம் வெளுத்துக்கொண்டே போவதைப் பெனிஷா பார்த்தாள். காதிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார். ஜஸ்டினிடம் நீட்டவில்லை.

காதுக்குள் ஒருவர் படுத்திருந்தார். அப்படித்தான் இருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. "அண்ணே..." என்றது. "அண்ணே... தண்ணி."

பெனிஷா இயர்போனைக் காதிலிருந்து எடுத்தாள். மாமனாருக்கு மேலே அண்ணன் என்று யாரும் இல்லை. சந்தியாகுவுக்கு மூத்த பிள்ளையே அவர்தான்.

"அத்தே," என்றாள், "இவுக மாமா இல்ல. மாமா யாரையும் அண்ணேன்னு கூப்புட மாட்டாக."

ஆரோக்கியம்மாள் சுவரையே பார்த்தாள். நடுவில் எழுந்த அந்தச் சுவரை.

"கிறிஸ்மஸுக்குப் பாட்டுக் கேக்கன்னு அந்தக் கடைசில சூசைத் தம்பி ரூமுக்கும் ஒரு பாக்ஸு ஓடுச்சு. குழாய்க்குள்ள வயரு. சுவரு வைக்கயில கொத்தனாரு அறுத்துட்டான்னாக."

"யாரு சொன்னாக?"

"ஒங்க மாமாதான்."

"அறுக்கலம்மா," என்றார் சுருளியாண்டி. "கரண்டே வேண்டாம். அந்தப் பாக்ஸு முன்னால பேசுனா இந்தப் பாக்ஸுல லேசா விழும். இங்கன பேசுனா அங்கன விழும். அமைதியா இருந்தாத்தான் கேக்கும்."

பெனிஷா ஜஸ்டினைப் பார்த்தாள். அவன் வாசல்வரை போய் நின்றான். கால் அதற்கு மேல் போகவில்லை.

"பெட்டி மேல கை வச்ச சத்தியம்," என்றான், சின்னப் பிள்ளைபோல.

"நான் அப்ப இந்த வீட்டு ஆளு இல்ல," என்றாள் பெனிஷா. "ஒங்களுக்குப் பயமா இருந்தா நீங்க அந்த பஸ்ஸுல ஏறி எங்கம்மா வீட்டுக்குப் போங்க."

அவள் இறங்கி ஓடும்போது பின்னால் சத்தம் கேட்டது. ஆரோக்கியம்மாள் வந்துகொண்டிருந்தாள். ஸ்டூல் மேலிருந்த அதே வெண்கல டம்ளர் கையில். நடந்த வேகத்தில் தண்ணீர் சிந்தாமல் உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தாள்.

"அத்தே, நீங்க..."

"நட ஆத்தா. நான் மூணு நாளா மரப்பெட்டிக்குத் தண்ணி வச்சிருக்கேன்."

பின்சந்துக் கதவை உடைக்க வேண்டியிருக்கும் என்று சுருளியாண்டி ஸ்குரூடிரைவரோடு வந்தார். தேவைப்படவில்லை. தொட்டதும் திறந்தது. தாழ்ப்பாள் போடவில்லை.

சூசைமாணிக்கம் கட்டிலுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். புதன்கிழமை ராத்திரி கட்டிலிலிருந்து எழும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. தலைமாட்டுச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், தூசி படிந்த பழைய பாக்ஸ். அதற்கு எதிரே, அது தெரிகிறமாதிரி, ஒரு நாற்காலி. நாற்காலியின் கைகள் தேய்ந்து பளபளத்தன.

ஆரோக்கியம்மாள் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து, விரலால் தொட்டுத் தொட்டுத் தண்ணீரை உதட்டில் விட்டாள். மூன்றாவது முறை அவர் கண்ணைத் திறந்தார்.

"மதினியா?"

"ஆமா தம்பி. ஏன் தம்பி சத்தம் போட்டு ஊரக் கூப்புடல?"

"அண்ணன்கிட்டச் சொன்னேன்ல," என்றார். பிறகு சன்னமாக, "பெட்டி வழியாப் பேசுனா மூஞ்சியப் பாத்த கணக்குல வராதுன்னு அண்ணன்தான் சொன்னாக. எம்புட்டு வருசமாச்சு. தெனம் பேசுவாக."

ஜஸ்டின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். அப்பா பாக்ஸ் அடியில் உதடு அசைத்தது அவனுக்கும் அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். படியைத் தாண்டி உள்ளே வந்தான். சித்தப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது சுருளியாண்டிதான்.

"நல்லவேளை சித்தப்பா, தாழ்ப்பாள் போடாமப் படுத்தீக," என்றான் ஜஸ்டின்.

"நான் எங்க போடாம இருந்தேன்? பத்தொன்பது வருசமாத் தாழ்ப்பாள் போடாம ஒரு நாளு படுத்ததில்ல. புதங்கிழமை சாயங்காலம் அண்ணன் சொன்னாக. 'ஏலே, இன்னிக்குக் கதவப் போடாத. ஆளு வரும்'னு."

அண்ணன் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகியிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் பெனிஷா ஹாலில் இல்லை. மாமியாரும் அவளும் சின்னமனூரில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜஸ்டின் வேலைக்குப் போயிருந்தான். வீடு பூட்டிக் கிடந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் இடுப்பில் பிளேட் வைத்தார்கள். இருபத்திரண்டு நாள் பெனிஷாவும் ஆரோக்கியம்மாளும் மாற்றி மாற்றி உடனிருந்தார்கள். துணியோடு தயாராக நின்ற பெட்டி பெரியகுளத்துக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனது. ரெஜினாவின் கல்லறைக்கு ஜஸ்டின் தனியாகப் போய் மெழுகுவத்தி ஏற்றி, கல்மேல் கை வைத்து ஏதோ சொல்லிவிட்டு வந்தான். என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சூசைமாணிக்கத்தைத் தங்கள் வீட்டுக்கே கூட்டி வந்த மறுநாள் சுருளியாண்டி மறுபடியும் வந்தார். "அந்த வயர அறுத்துவிட்டா செட்டு எம்புட்டுச் சத்தத்துக்கும் பாடும். அறுத்துரவா?" என்று கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஜஸ்டின் அம்மாவைப் பார்த்தான். அம்மா பெனிஷாவைப் பார்த்தாள். பெனிஷா மூலையிலிருந்த பாக்ஸைப் பார்த்தாள்.

"பன்னெண்டுக்கு மேல எதுக்கு?" என்றாள். "இருந்துட்டுப் போகுது."

சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. உள்ளே பாக்ஸும் நாற்காலியும் மட்டும் இருக்கின்றன. பெனிஷா தையல் மிஷினை ஹாலிலிருந்து பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டாள். கரண்டு இல்லாத நாட்களில், மூன்று மணி வாக்கில், சின்ன மாமனார் ஹாலில் உட்கார்ந்து செருமுவதும், கொஞ்சம் பொறுத்து இன்னொரு செருமல் கேட்பதும் அவளுக்குப் பின்கட்டுவரை கேட்கிறது. அவள் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

சூசைமாணிக்கத்துக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. ஊன்றுகோல் பிடித்து நடக்கிறார். மார்க்கையன்கோட்டையில், ஜஸ்டின் வீட்டு ஹாலில், இடப் பக்கத்துப் பாக்ஸுக்குக் கீழே போட்ட கட்டிலில் இருக்கிறார்.